வனத்துறைக்கான வரைபடத் தரவுத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு மாநில வனத்துறையின் ஜிஐஎஸ் (கணினி வரைபடத் தரவு) பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், ஐந்தாண்டுக்கான புவியிடத் தரவுத் திட்டம் ஒன்றை எழுதச் சொல்லியிருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். எந்த மென்பொருள் வாங்கலாம், எத்தனை ட்ரோன் தேவைப்படும் என்பது உங்கள் கேள்வி.

அதையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் எல்லைக்கோட்டைப் பாருங்கள்.

நான் ஒன்பது வருடமாக வனக்கோட்டங்களுக்கு வரைபட வேலை செய்கிறேன். ஒரு கோட்டத்தில் போய் உட்கார்ந்த முதல் வாரமே ஒரே காப்புக்காட்டுக்கு நான்கு எல்லைக் கோப்புகள் கையில் கிடைத்தன. ஒன்று பழைய டோப்போ ஷீட்டிலிருந்து, அதாவது சர்வே ஆஃப் இந்தியாவின் அச்சு நிலவரைபடத்திலிருந்து எடுத்தது. இன்னொன்று வெளி நிறுவனம் ஒன்று செய்து கொடுத்தது. மூன்றாவது யாரோ கூகுள் எர்த்தில் கையால் வரைந்த கேஎம்எல் கோப்பு. நான்காவது ஒரு பென் டிரைவில் கிடந்தது, யார் செய்தது என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், ஓர் ஓடையின் இரண்டு கரையிலும் கோடு ஓடியது.

ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த வனவர் ஒருவர் என்னை அந்த ஓடைக்கு அழைத்துப் போனார். உண்ணிச்செடிப் புதரைக் கத்தியால் விலக்கினார். உள்ளே பாசி பிடித்த ஒரு எல்லைக்கல், செதுக்கிய எண்ணில் பாதி அழிந்து போயிருந்தது. விரலால் மண்ணைத் துடைத்துவிட்டு, "கல்லு இங்கதான் சார் இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து இதுதான் எல்லை" என்றார். ஜிபிஎஸ் எடுத்துப் பார்த்தேன். நான்கு கோடுகளில் ஒன்றுகூட அந்தக் கல் மேல் போகவில்லை. மிக அருகில் இருந்த கோடே நாற்பது மீட்டர் தள்ளி. டோப்போ ஷீட்டிலிருந்து எடுத்த கோடு இருநூறு மீட்டர் தள்ளி.

அந்த இருநூறு மீட்டர் யாரும் வேண்டுமென்று செய்தது இல்லை. பழைய டோப்போ ஷீட்டுகள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய புவி வடிவக் கணக்கை அடிப்படையாக வைத்து வரைந்தவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கு. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகுதான் சர்வே ஆஃப் இந்தியா பொதுப் பயன்பாட்டு ஷீட்டுகளை டபிள்யூஜிஎஸ் 84-க்குக் கொண்டுவந்தது. பழையதை உருமாற்றாமல் அப்படியே கணினியில் ஏற்றினால், தென்னிந்தியாவில் கோடு நூறு, இருநூறு மீட்டர் நகர்ந்துவிடும். அந்த இடைவெளியில் ஒருவருடைய பட்டா நிலம் இருக்கும். வீடும் கிணறும் இருக்கும்.

நீலகிரி சீகூர் யானை வழித்தட வழக்கை எடுத்துப் படியுங்கள். 2010-இல் அரசாணை வந்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தை உறுதி செய்தது. ஆனால் நிபுணர் குழு சொன்ன பரப்பும் அரசாணையில் உள்ள பரப்பும் ஒத்துப்போகவில்லை என்று நில உரிமையாளர்கள் வாதாடினார்கள். அவர்களுடைய ஆட்சேபணைகளைக் கேட்க நீதிமன்றம் தனியாக ஒரு குழுவையே அமைத்தது. யானைக்காகவும் சரி, அங்கே வாழும் மனிதருக்காகவும் சரி, கோடு முதல் நாளிலேயே சரியாக இருக்க வேண்டும்.

அதனால் உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை போடுங்கள்: ஒவ்வொரு வரைபட அடுக்குக்கும் (எல்லை, ஓடை, பாதை போன்றவை) யார் பொறுப்பு, எதிலிருந்து எடுத்தது, எந்த ஆண்டு, எவரெஸ்டா டபிள்யூஜிஎஸ் 84-ஆ என்ற ஆயமுறை, திருத்தும் உரிமை யாருக்கு. சட்டப்படி எல்லை என்பது அரசிதழில் உள்ள விவரிப்பும் தரையில் உள்ள கல்லும்தான். நம் கோடு அதன் நகல். கிராமத்தை ஒட்டிய பகுதியில் வருவாய்த் துறையின் புலப்படத்தோடும் (நில அளவை வரைபடம்) புல எண்ணோடும் ஒப்பிடாமல் எந்த எல்லைக் கோப்பையும் வெளியே விடாதீர்கள்.

அப்புறம், தரவு வனக்காவலரிடம் திரும்பிப் போக வேண்டும். தீ எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோளிலிருந்து தீயைக் கண்டுபிடிக்கும் விர்ஸ் (VIIRS) கருவியின் ஒரு பிக்சல், தரையில் பக்கத்துக்கு 375 மீட்டர் உள்ள சதுரம். கைப்பேசியில் ஒரு புள்ளியாகத் தெரிவது உண்மையில் ஏறக்குறைய 14 ஹெக்டேர், நெருப்பு அதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதைச் சொல்லாமல் அனுப்பினால் அவர் புள்ளி காட்டும் பாறையில் போய் நின்று, ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுவார். மறுசரிவில் எரிந்துகொண்டிருக்கும். புள்ளியோடு அந்தச் சதுரத்தையும் அனுப்புங்கள். போய்ப் பார்த்தவர் காட்டுத் தீயா, கரும்புச் சோகை எரித்ததா என்று ஒரு வார்த்தை பதிவு செய்யட்டும். மூன்று கோடை தாண்டினால், நீங்கள் வாங்கும் எந்தப் படத்தையும்விட அந்தப் பதிவு உங்களுக்கு உதவும்.

ஒரு சரகத்தில், வாரக் கடைசியில் காவலர்கள் நடந்த தடங்களை அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டினோம். ஒரு வேட்டைத்தடுப்புக் காவலர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வெற்றிடத்தில் விரலை வைத்து, "இந்தப் பள்ளத்துக்கு நாம யாருமே போகலையே" என்றார். அடுத்த வாரம் அவரே போனார். கண்ணிகளோடு திரும்பி வந்தார்.

ஊர்ப்பெயர், ஓடைப்பெயர் எல்லாவற்றையும் அங்கே வாழ்பவர்கள் சொல்கிறபடி தமிழிலேயே எழுதி வையுங்கள். ஷேப் ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் அட்டவணையின் ஒவ்வொரு பத்தித் தலைப்புக்கும் 10 பைட்தான் இடம். ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைந்தது 3 பைட் வேண்டும், தமிழில் வைத்த தலைப்பு பாதியில் வெட்டுப்படும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவத்துக்கு மாறிவிடுங்கள். இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் (எஃப்எஸ்ஐ) வனப்பரப்பு அடுக்கை விலங்குகளின் வாழிடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில் 10 சதவீத மரநிழல் இருந்தால் தோப்பும் அதில் சேரும். கூடு, குகை, கேமரா வைத்த இடம் இவற்றின் துல்லிய ஆயத்தொலைவுகளைப் பொதுவெளியில் போடவே கூடாது. புள்ளிக்குப் பதிலாக, அது விழும் பெரிய கட்டத்தை மட்டும்தான் பகிர வேண்டும்.

மென்பொருளுக்கு இப்போதைக்கு கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் போதும், இலவசம். ட்ரோனுக்கு ஒதுக்கும் பணத்தில் மண்டலத்துக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் கேளுங்கள். ஒப்பந்த ஊழியர் போகும்போது கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரமும் அவரோடு போய்விடுகிறது.

முதல் வேலையாக ஒரே ஒரு சரகத்தை எடுத்துக்கொண்டு கல் கல்லாக நடந்து பதிவு செய்யுங்கள். தை, மாசியில் போனால் கல் கண்ணுக்குத் தெரியும், மழைக்கு அப்புறம் புதர் மூடிவிடும். ஓய்வு பெறப்போகும் வனவர் யாராவது இருந்தால் இந்த வருடமே கூட்டிப் போய்விடுங்கள்.