நினைத்த பிறகுதான் செய்கிறோமா?

எண்ணம் வந்த பிறகுதான் செயல் வருகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எப்போதுமே அப்படித்தான் என்று சொல்ல முடியாது. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுக்கிடையே ஓடும் மின், வேதிச் சைகைகளிலிருந்துதான் எண்ணமும் செயலும் பிறக்கின்றன.

1983-இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட், சிலரை விரும்பிய நேரத்தில் கையை அசைக்கச் சொல்லிச் சோதித்தார். அசைவுக்குச் சுமார் அரை விநாடி முன்பே மூளை தயாராகத் தொடங்கிவிட்டது. 'அசைக்கலாம்' என்ற உணர்வு வந்ததோ அசைவுக்குச் சுமார் 0.2 விநாடி முன்புதான். இதை வைத்து, நமக்குச் சுதந்திரமே இல்லை என்பது அவசர முடிவு. கையை அசைப்பதும், வேலையை விடலாமா என்று மாதக்கணக்கில் யோசிப்பதும் ஒன்றல்லவே!

அப்புறம், பழக்கம். திரும்பத் திரும்பச் செய்வதை மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகள் பெருமளவு ஏற்றுக்கொள்கின்றன. அதனால்தான் வேறு எதையோ யோசித்தபடியே நடக்க முடிகிறது.