தாய் தள்ளிய குட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு வருடங்களாக நாய் வளர்த்துக் குட்டிகளை விற்று வருகிறேன். சென்ற மாதம் எங்கள் லாப்ரடார் பெட்டை எட்டுக் குட்டிகள் போட்டது. ஒன்றுக்கு வாயின் மேல் அண்ணம் பிளந்திருந்தது. இன்னொன்று மற்றவற்றில் பாதி அளவுதான். தாய் அதைத் திரும்பத் திரும்ப ஒதுக்கித் தள்ளியது. இத்தொழிலில் மூத்தவர் ஒருவர், "இரண்டையும் விட்டுவிடு, தாய்க்குத் தெரியும், இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்றார். எங்களுக்கு மனம் வரவில்லை. அண்ணம் பிளந்ததற்கு நானும் மனைவியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வழியாகப் பால் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் அதற்கு மூச்சு இரைத்தது. நுரையீரலில் பால் போயிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். கருணைக்கொலை ஊசி போட்டுவிட்டோம். முதல் நாளே செய்திருக்க வேண்டுமா? செய்ததே பாவமா? சிறிய குட்டி தேறி வருகிறது, அதை விற்கலாமா? அடுத்த முறையும் இதே ஜோடியைத்தான் சேர்க்கப்போகிறோம், அதனால் கேட்கிறேன்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

பாவக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் பேரேடு என்னிடம் இல்லை. ஒன்பதாம் நாள் செய்தது சரி. மூச்சுக்குத் தவிக்கும் குட்டியை இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தால், அது உங்கள் மன ஆறுதலுக்காக மட்டும்தான் இருந்திருக்கும். முதல் நாளே செய்திருக்க வேண்டுமா என்பது பிளவின் அளவைப் பொறுத்தது. குழாய்ப் பாலில் வளர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு நன்றாக வாழும் நாய்களும் உண்டு. அதை அன்றே ஒருவர் வாயைத் திறந்து பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் மருத்துவர் ஒன்பதாம் நாள்தான் வருகிறார். இரவெல்லாம் விழித்திருந்த உங்கள் இருவர் மீதும் எனக்கு மிகுந்த அன்பு உண்டு. ஆனால் அந்த எட்டு நாள் தாமதத்துக்கு அன்பு என்று பெயர் வைக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த மூத்தவரின் வாக்கியம். "தாய்க்குத் தெரியும்." இதே சொற்களை என் பெரியப்பா வாயால் கேட்டிருக்கிறேன். கொஞ்ச நாளாகவே அது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது, உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. பெரியப்பா வீட்டு நாய் ஒரு மழை இரவில் குட்டி போட்டது. ஒன்றை மட்டும் மூக்கால் நெம்பி மூலைக்குத் தள்ளியது. நான் எடுத்து மடியருகே வைத்தேன்; மறுபடி தள்ளியது. மூன்றாவது முறை பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாய்க்குத் தெரியும், நீ போய்ப் படு" என்றார். எல்லோரும் தூங்கிய பிறகு நான் எழுந்து வந்தேன். குட்டி ஈரத்துணி போலக் குளிர்ந்து கிடந்தது. பசி என்றுதான் நினைத்தேன். பேனாவுக்கு மை ஊற்றும் நிரப்பியைக் கழுவி, பசும்பாலைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். குடித்தது, அல்லது குடித்ததாக நான் நினைத்தேன். விடியும்போது அதன் மூக்கில் பால் நுரைத்திருந்தது. பெரியப்பா திட்டவில்லை. "சொன்னேன் இல்லையா" என்று மட்டும் சொன்னார். பல வருடங்கள் நான் அவரை நம்பினேன். தாய்க்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை என்று.

பிறகு ஒரு கால்நடை மருத்துவர் எனக்கு விளக்கினார். பிறந்த குட்டிக்குத் தன் உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அதற்கு நடுங்கக்கூடத் தெரியாது. அப்போது அதன் இயல்பான வெப்பம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ்தான். அதற்கும் கீழே இறங்கினால் குடல் வேலை செய்வதை நிறுத்துகிறது, சப்பும் விசையும் தளர்கிறது. அந்த நிலையில் ஊற்றும் பால் செரிக்காமல் தேங்கும், மேலேறி நுரையீரலுக்குள் போகும். முதலில் சூடு, பிறகுதான் பால். அந்தச் சூடும் மெல்ல ஏற வேண்டும், மணிக்கணக்கில். என் குட்டியை நான் பாலூற்றிக் கொன்றேன்.

ஆனால் பெரியப்பாவும் குற்றத்திலிருந்து தப்பவில்லை. குளிர்ந்துபோன குட்டியைத் தாய் நாய் தள்ளுவது சாதாரணம். அதே குட்டியைச் சூடாக்கி, அசைந்து முனகும் நிலையில் திரும்ப வைத்தால், பல தாய்கள் நக்கிச் சேர்த்துக்கொள்கின்றன. அதாவது தாய்க்குத் தெரிந்தது "இது குளிர்ந்திருக்கிறது" என்பது மட்டும்தான். "இது வாழத் தகுதியற்றது" என்று அதன் வாயில் திணித்தது நாம். உண்மையிலேயே நோயுற்ற குட்டியையும் தாய் தள்ளுவது உண்டு, மறுக்கவில்லை. எது எது என்று பிரித்தறிய வெந்நீர்ப் பையும் வெப்பமானியும் வேண்டும், பழமொழி போதாது.

"விட்டுவிடு" என்றால் என்ன பொருள் என்று அந்த மூத்தவரிடம் கேட்டீர்களா? ஊசியில் சில நிமிடங்களில் முடிவது, விட்டுவிட்டால் ஒரு இரவு எடுக்கும், சில சமயம் இரண்டு. கண்ணும் காதும் திறக்காத குட்டிக்குக் குளிரும் பசியும் நன்றாகவே தெரியும். கொல்ல முடிவெடுத்தவர் ஊசிக்கு அழைத்துச் செல்லட்டும். இயற்கையின் பின்னால் ஒளிய வேண்டாம்.

எந்த இயற்கை, எஸ்.? பெட்டையைத் தேர்ந்தவர் நீங்கள், கடுவனைத் தேர்ந்தவர் நீங்கள், நாளைக் குறித்தவர் நீங்கள். பிரிட்டனில் நடந்த ஒரு கணக்கெடுப்பில் புல்டாக் ஈற்றுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் அறுவை சிகிச்சையால்தான் வெளியே வந்திருந்தன. பிறப்பு வழியில் நுழையாத அளவுக்குத் தலையைப் பெரிதாக்கியது யார்? ரொடீஷியன் ரிட்ஜ்பேக் என்று ஓர் இனம். முதுகில் முடி எதிர்த்திசையில் வளர்ந்து ஒரு வரி ஓடும், அதுதான் அதன் அழகு. அந்த வரி இல்லாமல் பிறந்த குட்டிகளைக் குறையுள்ளவை என்று கொன்ற வழக்கம் இருந்தது. அந்த வரியைத் தரும் மரபணு மாற்றமே, தோலிலிருந்து தண்டுவடம் வரைகூட இறங்கக்கூடிய ஒரு பிறவிக் குழல் குறைக்கும் காரணம் என்று 2007-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆரோக்கியமானதைக் கொன்று, குறையைப் பரிசு கொடுத்து வளர்த்திருக்கிறோம். மெர்ல் என்னும் திட்டுத் திட்டான நிறமுள்ள நாய்கள் இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டி அந்த மரபணுவை இரட்டையாகப் பெறும். அவற்றில் பல செவிடாகவோ குருடாகவோ பிறக்கும். இது தெரிந்தே நிறத்துக்காகச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு குட்டிகள் கிடக்கும் பெட்டியருகே அமர்ந்து அழுகிறார்கள்.

இப்போது உங்கள் "அதனால்". இதே ஜோடியைச் சேர்க்கப்போகிறீர்கள், *அதனால்* எந்த நாளில் கொல்வது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். வாக்கியத்தை நீங்களே திரும்ப வாசியுங்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அண்ணப் பிளவு மரபால் வரலாம். சினைக்காலத்தில் கொடுத்த ஸ்டீராய்டு போன்ற மருந்தால் வரலாம், அளவு மீறிய வைட்டமின் ஏ-யால் வரலாம், ஃபோலிக் அமிலக் குறைவால் வரலாம். அந்த இரண்டு மாதங்களில் பெட்டைக்கு என்னென்ன கொடுத்தீர்கள்? அந்தக் கடுவனுக்கு வேறு பெட்டைகளிடம் பிறந்தவை எப்படி இருந்தன? இவற்றை விசாரிக்காமல் மறுபடி சேர்ப்பதாக இருந்தால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

சிறிய குட்டியை விற்கலாம். மருத்துவர் இதயத்தைக் கேட்டுப் பார்த்த பிறகு, நடந்ததை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லி.

அதன் எடையை நீங்கள் எழுதவில்லை. நல்ல குட்டி ஏழு முதல் பத்து நாளில் பிறந்த எடையை இரட்டிப்பாக்கும். தினமும் தராசில் வைத்துக் குறித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தத் தாளை அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.