63-க்கு 58 வாங்கிய வாசகி

பி.டி. வாத்தியார் பதில்கள்

(‘நான் உடற்பயிற்சி செய்கிற ஆள்’ என்ற நினைப்பு ஒருவருக்குள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அளக்க உதவும் ஒன்பது வாக்கியங்களைச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். ‘துளியும் ஒத்துக்கொள்ள மாட்டேன்’ என்றால் 1, ‘முழுக்க ஒத்துக்கொள்கிறேன்’ என்றால் 7. வந்த கடிதங்களில் இரண்டு.)

கேள்வி: எனக்கு 58 வந்தது மாஸ்டர். பதினோரு வருஷமாக விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தை நாலு சுற்று சுற்றுகிறேன். போன மாதம் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆறு வாரம் நடைப்பயிற்சி கூடாது என்கிறார் டாக்டர். ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வருகிறது. வாசலில் கிடக்கும் ஷூவைப் பார்த்தால் அழுகை வருகிறது. மருமகள் சிரிக்கிறாள். இது ஏதும் வியாதியா?
– வாசகி, அனுப்பானடி

பதில்: வியாதி இல்லை தாயீ. ‘உடற்பயிற்சியைக் கட்டாயமாக விட வேண்டி வந்தால் எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கும்’ என்று அந்த ஒன்பதில் ஒரு வாக்கியம் உண்டு. அமெரிக்காவில் ஆண்டர்சன் என்பவரும் அவருடைய சகாவும் 1994-லேயே உங்கள் அழுகையை எழுதி வைத்துவிட்டார்கள். மருமகளிடம் காட்டுங்கள்.

58-ஐப் பரீட்சை மார்க்காக நினைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் 1 போட்டாலே 9 வந்துவிடும்; உச்சம் 63. இத்தனை எடுத்தால் பாஸ் என்று கோடு கிடையாது. நீங்கள் எத்தனை சுற்று நடந்தீர்கள் என்று அந்தத் தாள் கேட்பதே இல்லை. உங்களை நீங்கள் யாரென்று நினைக்கிறீர்கள், அதுதான் அதற்கு வேண்டும்.

பின்னால் வந்தவர்கள் இந்த ஒன்பதை இரண்டு கூறாகப் பிரித்தும் பார்த்தார்கள். ஆறு வாக்கியங்கள் உடற்பயிற்சி உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது பற்றி. மீதி மூன்று வேறு ரகம்: என்னை நான் அப்படி நினைக்கிறேனா, அடுத்தவரிடம் அப்படிச் சொல்லிக்கொள்கிறேனா, ஊர் என்னை அப்படிப் பார்க்கிறதா. உங்களுக்கு இப்போது ஆட்டம் கண்டிருப்பது இந்த மூன்றும்தான் என்பது என் கணிப்பு. கால் வீட்டில் கிடந்தால் ‘தெப்பக்குளத்து அக்கா’ என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?

என் கதையைக் கேளுங்கள். 46 வயதில் எனக்குப் பின்தொடைத் தசை கிழிந்தது. மெடிக்கல் லீவு. ஆனாலும் சாயங்காலமானால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரேஸ் கோர்ஸ் மைதானத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். வியர்வை பட்டுப் பட்டுக் கயிறு கறுத்துப்போன பழைய விசில். உள்ளே இருக்கும் கட்டை உருண்டை ஒரு பக்கம் தேய்ந்து, ஊதினால் கரகரவென்று வரும். ஊதியதில்லை, சும்மா உருட்டிக்கொண்டிருப்பேன். ஓடுகிற பையன்கள் ஒவ்வொரு சுற்றிலும், “சார், எப்ப சார் வர்றீங்க?” என்பார்கள். மாத்திரையைவிட அது நன்றாகக் கேட்டது. கேட்டதோடு விட்டேனா? மூன்றாவது வாரமே டாக்டருக்குத் தெரியாமல் அரைச் சுற்று ஓடினேன். மறுபடி கிழிந்தது, இன்னும் ஐந்து வாரம் படுக்கை. எனக்குத் தெரிந்து 20, 25 எடுக்கிறவர்கள் இந்தத் தப்பைச் செய்வதில்லை. 58 எடுக்கிற நாம்தான் செய்வோம்.

அதனால் காலையில் ஆட்டோ பிடித்தாவது தெப்பக்குளத்துக்குப் போங்கள். படியில் இறங்க வேண்டாம், கரையில் உட்காருங்கள். கூட நடக்கிறவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் உங்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும். உட்கார்ந்தபடி கைக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். ஷூ மட்டும் அலமாரிக்குள் இருக்கட்டும்.

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறேன். எனக்கு 14-தான் வந்தது. நான் சோம்பேறியா?
– வாசகர், ஒத்தக்கடை

பதில்: நல்லா இருக்கே கதை! தம்பி, அந்தத் தாள் உடற்பயிற்சியைப் பற்றித்தான் கேட்கிறது, உழைப்பைப் பற்றி அல்ல. மூட்டை தூக்குவதை நீங்கள் ‘எக்சர்சைஸ்’ என்று சொல்லிக்கொள்வதில்லை, அதனால் 14. ஊர் தூங்கும்போது சுமை தூக்குகிறவரைச் சோம்பேறி என்று சொல்ல எந்தத் தாளுக்கும் வாய் கிடையாது. ஒன்று மட்டும்: தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். அப்புறம், முகூர்த்த நாளில் ஒரு மல்லிகை மூட்டை எத்தனை கிலோ இருக்கும் என்று எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.