கோப்பை வென்ற மூன்றாம் நாள் லீக்கை விட்டு இறங்கிய விகன்

கேள்வி: எஃப்ஏ கோப்பையை வென்ற அணி அதே சீசனில் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கவும் முடியுமா? அப்படி நடந்தால் அது அந்த கிளப்புக்கு லாபமா, நஷ்டமா?

முடியும். 2012-13 சீசனில் விகன் அத்லெடிக்குக்கு நடந்தது. பிரீமியர் லீக் என்பது இங்கிலாந்து கால்பந்தின் முதல் டிவிஷன், அதில் கடைசி மூன்று இடத்தில் வரும் அணிகள் கீழே இறங்கும். எஃப்ஏ கோப்பை பல டிவிஷன் அணிகளும் சேர்ந்து ஆடும், தோற்றால் வெளியேறும் நாக் அவுட் போட்டி. நூறு வருஷத்துக்கும் மேலாக நடந்துவரும் போட்டியில் அதற்கு முன் எந்த அணிக்கும் அப்படி நேர்ந்ததில்லை. லாபம்தான் என்பது என் கருத்து. ஏன் என்பதற்கு அந்த சீசனைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் கோப்பையே தலைகீழாகக் கிடந்தது. ஐந்தாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த லூடன் டவுன், பிரீமியர் லீக் அணியான நார்விச்சை அவர்கள் மைதானத்திலேயே போய் 1-0 என்று தோற்கடித்தது. ஸ்காட் ரெண்டெல் என்ற சப்ஸ்டிடியூட் 80-ஆவது நிமிடத்தில் அடித்த கோல். லீக்குக்கு, அதாவது மேல் நாலு டிவிஷனுக்கு, வெளியே இருக்கும் ஓர் அணி மேல் டிவிஷன் அணியை வீழ்த்தியது 1989-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. மறுநாள் ஓல்ட்ஹாம் 3-2 என்று லிவர்பூலை வெளியே அனுப்பியது. அடுத்த சுற்றில் ஆர்சனல் சொந்த மைதானத்தில் பிளாக்பர்னிடம் தோற்றது.

இந்த மூன்று அதிர்ச்சிகளும் எங்கே போய் முடிந்தன தெரியுமா? லூடனை மில்வால் வென்றது, பிளாக்பர்னையும் மில்வால்தான் வென்றது, அந்த மில்வாலை அரையிறுதியில் விகன் 2-0 என்று வென்றது. ஓல்ட்ஹாமை எவர்டன் வென்றது, அந்த எவர்டனைக் காலிறுதியில் அவர்கள் ஊரிலேயே விகன் 3-0 என்று சாய்த்தது, அதுவும் நாலு நிமிடத்துக்குள் மூன்று கோல். இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது மான்செஸ்டர் சிட்டி, அரையிறுதியில் செல்சியை வென்று. ஆக இரண்டு வாய்க்கால்களும் இறுதிப்போட்டி நடக்கும் வெம்ப்ளி மைதானத்தில் வந்து சேர்ந்தன.

இதில் விகனின் தொடக்கம் ரொம்பச் சாதாரணம். மூன்றாம் டிவிஷனில் இருந்த போர்ன்மவுத்துடன் சொந்த ஊரில் 1-1, மறுபடி ஆடி 1-0. (சமனானால் திரும்ப ஆடும் அந்த வழக்கம் 2024-25 முதல் பிரதான சுற்றுகளில் இல்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம். அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லாவிட்டால் விகன் கதையே வேறு மாதிரி ஆகியிருக்கலாம்.) அப்புறம் ஐந்தாம் டிவிஷன் மாக்கில்ஸ்ஃபீல்டை ஒரே ஒரு பெனால்டியில் வென்றார்கள். மேனேஜர் ராபர்டோ மார்டினெஸ் அந்தச் சுற்றுகளில் லீக்கில் அதிகம் ஆடாதவர்களைத்தான் நிறைய இறக்கினார். அவர் கவனமெல்லாம் லீக்கில் பிழைப்பதில் இருந்தது.

2013 மே 11, சனிக்கிழமை. நம்ம நேரப்படி இரவு ஒன்பதே முக்காலுக்கு இறுதிப்போட்டி. வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டதால் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அணிக்கு முன்னால் நடந்து வந்தவர் கிளப் உரிமையாளர் டேவ் வீலன், 76 வயது. 1960-இல் இதே கோப்பையின் இறுதிப்போட்டியில், பழைய வெம்ப்ளியில், பிளாக்பர்னுக்கு ஆடியவர் அவர். முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் கால் முறிந்துவிட்டது. அந்தக் காலத்தில் சப்ஸ்டிடியூட் கிடையாது, அதனால் பத்துப் பேரோடு ஆடி பிளாக்பர்ன் 3-0 என்று தோற்றது. பிறகு 1995-இல் நாலாம் டிவிஷனில் கிடந்த விகனை வாங்கி, பத்து வருஷத்தில் பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார். ரக்பிதான் அந்த ஊரின் உயிர். அப்படிப்பட்ட ஊரில் கால்பந்தை இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தது சின்ன வேலை இல்லை.

சிட்டி அப்போது முந்தைய வருஷ பிரீமியர் லீக் சாம்பியன். ஆனால் அன்று வலது பக்கத்தில் கேலம் மெக்மனமன் என்ற விகன் இளைஞர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியபோதெல்லாம் சிட்டியின் தடுப்பு கலங்கியது. கடைசியில் 84-ஆவது நிமிடத்தில் அவரைத் தடுக்கப்போய்த்தான் ஸபலேட்டா இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். அதற்குச் சற்று முன் விகன் இறக்கிய சப்ஸ்டிடியூட் பென் வாட்சன். நவம்பரில் கால் முறிந்து மாதக்கணக்கில் படுத்திருந்தவர்.

91-ஆவது நிமிடம். ஷான் மலோனி கார்னர் அடிக்கிறார், முன் கம்பத்துப் பக்கம் வாட்சன் எழும்பி தலையைத் திருப்புகிறார், பந்து சிட்டி கோல்கீப்பர் ஜோ ஹார்ட்டுக்கு மேலே போய் வலைக்குள் விழுகிறது. கத்த முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். கேமரா வீலனைக் காட்டியபோது கண் கலங்கிவிட்டது. கால் முறிந்து கோப்பையை இழந்தவருக்கு, கால் முறிந்து எழுந்து வந்தவர் கோப்பையை எடுத்துக் கொடுக்கிறார். இதை யாராவது கதையாக எழுதினால் நம்ப மாட்டோம்.

செவ்வாய் நள்ளிரவு தாண்டி மறுபடி உட்கார்ந்தேன். லீக்கில் தப்பிக்க விகன் ஆர்சனல் மைதானத்தில் ஜெயித்தே ஆக வேண்டும். இடைவேளை வரை 1-1. முடிவில் 4-1 என்று தோல்வி. அவ்வளவுதான், எட்டு சீசன் பிரீமியர் லீக் வாழ்க்கை முடிந்தது. கடைசியில் 36 புள்ளி, 18-ஆவது இடம்.

ஏன் இப்படி? எண்களைப் பாருங்கள்: லீக்கில் 38 ஆட்டத்தில் 73 கோல் வாங்கினார்கள், கோப்பையில் 7 ஆட்டத்தில் இரண்டே இரண்டு. எதிரிகளில் பாதிக்கு மேல் கீழ் டிவிஷன் என்பது சரிதான், ஆனால் எவர்டனும் சிட்டியும்கூட ஒரு கோல் அடிக்க முடியவில்லையே. நாக் அவுட்டில் ஒரு நாளைக்கு உயிரைக் கொடுத்து ஆடினால் போதும். லீக் என்பது பத்து மாத மாதச் சம்பளக் குடித்தனம் மாதிரி, ஆள் பலம் வேண்டும். தடுப்பாட்டக்காரர்கள் காயத்தில் உட்கார, மாற்றுக்கு ஆள் இல்லை. இறுதிப்போட்டிக்கு நாலு நாள் முன்பு சொந்த ஊரில் ஸ்வான்சியிடம் 3-2 என்று தோற்றார்களே, லீக் உண்மையில் கைவிட்டுப் போனது அங்கேதான். செவ்வாய், சனி, செவ்வாய் என்று எட்டு நாளில் மூன்று பெரிய ஆட்டம். சின்ன அணிக்கு அது தாங்காது.

பணக்கணக்கில் நஷ்டம்தான், மறுக்கவில்லை. இறுதிப்போட்டியை வென்றதற்குப் பரிசு 18 லட்சம் பவுண்ட். அடுத்த சீசனில் பிரீமியர் லீக்கில் கடைசியாக வந்த அணிக்கே 6 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது.

ஆனாலும் லாபம் என்கிறேன். 17-ஆவது இடத்தில் தங்கியிருந்தால் அடுத்த மே மாதம் அதே பயம், அதே கணக்கு. கோப்பை வென்றதால் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக்கில் ஆடினார்கள். அது குருட்டு அதிர்ஷ்டமும் இல்லை: 2014 எஃப்ஏ கோப்பைக் காலிறுதியில் அதே சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 2-1, 2018-இல் மூன்றாம் டிவிஷனில் இருந்தபோது மறுபடி சிட்டியை 1-0. வாட்சனின் அந்த கோலை இப்போதும் போட்டுப் பார்க்கிறேன், கார்னருக்கு மலோனி பந்தை வைக்கும் இடத்திலிருந்து.