1,70,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கு 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றலாமா?

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். 2012 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார், 1,70,000 கி.மீ. ஓடிவிட்டது. இதுவரை 5டபிள்யூ-30 ஆயில்தான். இப்போது சர்வீசுக்கு நடுவில் ஆயில் கொஞ்சம் குறைகிறது. "என்ஜினுக்கு வயசாயிடுச்சு சார், இனிமே 20டபிள்யூ-50 ஊத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் கிரேடை மாற்றக் கூடாது. என்ஜின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது, அது எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். "கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எவ்வளவு என்று முதலில் அளந்துவிடுங்கள்.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமமான தரையில் நிற்கும்போது டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, மறுபடி கடைசி வரை செருகி எடுத்துப் பாருங்கள். மேல் குறி வரை ஆயில் ஊற்றிவிட்டு மீட்டரை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1000 கி.மீ. ஓடிய பிறகு அதே இடத்தில், அதே காலை நேரத்தில், மில்லி போட்ட குவளையில் அளந்து மறுபடி மேல் குறி வரை ஊற்றுங்கள். குவளையிலிருந்து போனது எவ்வளவோ, அவ்வளவுதான் உங்கள் வண்டி குடித்தது. 200, 300 மில்லி என்றால் இந்த வயது என்ஜினில் கவலைப்பட ஒன்றுமில்லை. 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை இயல்புதான் என்று கையேட்டிலேயே அச்சடிக்கும் கார் நிறுவனங்கள் உண்டு.

மெக்கானிக் ஏன் 20டபிள்யூ-50 சொல்கிறார் என்பதும் புரிகிறது. அம்பாசிடர், பத்மினி காலத்து என்ஜின்களில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். அவற்றுக்குக் கெட்டியான ஆயில் பொருந்தியது, தேய்ந்த பிறகு இன்னும் கெட்டியாக ஊற்றினால் சத்தமும் புகையும் அடங்கின. அந்த அனுபவம் பொய்யில்லை. ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது வேறு வகை என்ஜின். வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பும், டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. ஆயில் போகும் துளைகளும் சிறியவை. குளிர்ந்த நிலையில் மிகக் கெட்டியான ஆயில் அங்கே மெதுவாகத்தான் போய்ச் சேரும்.

ஆயில் டின்னில் உள்ள எண்களில் முதலாவது குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். சேலத்து மார்கழிக்கு இரண்டுமே தாங்கும். ஆனாலும் 40 டிகிரியில் அளந்தால் 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-30ஐ விட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் அந்த வித்தியாசம் தெரியும், தேய்மானமும் அப்போது அதிகம். இரண்டாவது எண் என்ஜின் சூடான பிறகு 100 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மைக்கு. ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் கணக்கில் 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு), 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள், 50 என்றால் அதற்கும் மேலே. 30லிருந்து நேராக 50க்குத் தாவுவது ஒரு படியைத் தாண்டிக் குதிப்பது.

அளந்து பார்த்ததில் அரை லிட்டருக்கு மேல் போகிறதா? சரி, எங்கே போகிறது என்று பாருங்கள். இரவு நிறுத்திய இடத்தில் காலையில் தரையில் சொட்டு இருந்தால் டேப்பட் கவர் பேக்கிங்கோ கிராங்க் ஆயில் சீலோ கசிகிறது. அதை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் அடைத்திருந்தாலும் ஆயில் போகும். சின்னப் பாகம்தான், பெரும்பாலும் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கசிவே இல்லை என்றால் புகையைக் கவனியுங்கள். உங்கள் ஊரிலேயே நல்ல சோதனைக்களம் இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கியரிலேயே, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கொஞ்ச தூரம் வாருங்கள். கீழே சமதளம் வந்ததும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் குப்பென்று நீலப்புகை வந்தால் வால்வ் ஆயில் சீல் போயிருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகை வந்து அடங்கினாலும் அதுதான். மலை ஏறும்போது, பாரம் இழுக்கும்போது தொடர்ந்து புகைந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகப்படுங்கள். எப்படியானாலும் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளப்பது) எடுத்துப் பார்க்காமல் என்ஜின் ஹெட்டை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

இப்போது ஆயிலுக்கு வருவோம். குறைவது அரை லிட்டருக்குள் என்றால் 5டபிள்யூ-30லேயே இருங்கள். ஆனால் டின்னின் பின்பக்கத்தில் ஏசிஇஏ ஏ3/பி4 (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் தரக்குறியீடு) என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கலாம். அதே கிரேடுதான், ஆனால் அதிகச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஆயில் படலம் கொஞ்சம் தடிமனாக நிற்கும். பழைய என்ஜினுக்கு என்னுடைய முதல் தேர்வு இதுதான். அரை லிட்டரைத் தாண்டினால் 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40, ஒரு படி மட்டும். அதை ஊற்றி இன்னொரு 1000 கி.மீ. அளந்து பாருங்கள், குறைவது நன்றாகக் குறைந்திருந்தால் அதிலேயே இருக்கலாம். 20டபிள்யூ-50 என்பது என்ஜினைப் பிரிக்கப் பணம் சேரும் வரை ஓட்டியாக வேண்டும் என்கிற நிலைமைக்கு.

ஆயில் பிரஷர் விளக்கு ஐடிலிங்கில் மினுக்கினால் மட்டும் கெட்டி ஆயிலை மருந்தாக எண்ண வேண்டாம். மீட்டர் மாட்டி அழுத்தத்தை அளக்க வேண்டும். என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் வலை சகதியால் அடைத்திருந்தால் கெட்டி ஆயில் இன்னும் மோசம்.

'ஹை மைலேஜ்' என்று போட்ட ஆயில்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 75,000 மைல், அதாவது சுமார் 1,20,000 கி.மீ. தாண்டிய வண்டிகளுக்கென்று விற்பவை இவை. காய்ந்த ரப்பர் சீல்களைக் கொஞ்சம் உப்பவைக்கும் சேர்மானம் இருக்கும். லேசான கசிவுக்கு உதவும், தேய்ந்த ரிங்கை ஒன்றும் செய்யாது.

டீசல் வண்டிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 பேரல் ஆயிலை "எல்லாம் ஒண்ணுதான்" என்று பெட்ரோல் காருக்கும் ஊற்றுவார்கள். விடாதீர்கள். அதில் பாஸ்பரஸ் சேர்மானம் பெரும்பாலும் அதிகம், ஆயில் குடிக்கும் என்ஜினில் அது எரிந்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். சீல் உடையாத டின்னை நீங்களே வாங்கிக் கொடுங்கள். காலி டின்னில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள், அதில் மறுபடி வேறு எதையும் நிரப்பி விற்க முடியாது.

அப்புறம், ஆயில் குடிக்கும் வண்டியை 10,000 கி.மீ. வரை இழுக்க வேண்டாம். 5000 முதல் 7000க்குள் மாற்றிவிடுங்கள், 500 கி.மீ.க்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கீழ்க்குறிக்குக் கீழே போய் ஒரு வெயில் நாளில் நெடுஞ்சாலையில் ஓடினால், டின்னில் எந்த கிரேடு எழுதியிருந்தாலும் என்ஜின் தாங்காது.