ஸ்லீப்பிங் பேக்கில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உள்ளே புகுந்து படுக்கும் தூக்கப் பையான ஸ்லீப்பிங் பேக்கில் −5 டிகிரி என்று அச்சிட்டிருந்தால், −5 டிகிரிக் குளிரில் அதற்குள் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பது கேள்வி. அந்த −5 எந்த வகை எண் என்று தெரியாமல் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது. அது ‘கம்ஃபர்ட்’ எண்ணாக இருந்து, அடியில் ‘மேட்’ எனப்படும் நல்ல விரிப்பும் இருந்தால், பெரும்பாலானோர் தூங்கிவிடுவார்கள். ‘லிமிட்’ எண்ணாக இருந்தால் பலருக்கு அது பாதி விழிப்பில் கழியும் இரவு. ‘எக்ஸ்ட்ரீம்’ எண்ணாக இருந்தால் அந்தப் பையை அந்தக் குளிருக்கு எடுத்துச் செல்லவே கூடாது. குளிர்காலத்தில் கூடாரத்தில் படுத்துப் பழகியதிலிருந்து நான் வந்தடைந்திருக்கும் முடிவு இது: முறையாகச் சோதிக்கப்பட்ட எண், இரண்டு பைகளை ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் நம்பகமானது, குறிப்பிட்ட ஓர் இரவில் குறிப்பிட்ட ஓர் ஆளுக்குக் குளிருமா என்பதை முன்கூட்டிச் சொல்ல அது மட்டும் போதாது.

இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று அறிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குச் சரியென்று பட்ட எண்ணை அச்சிட்டு வந்தது. 2002-இல் ஐரோப்பாவில் இஎன் 13537 என்ற தரநிலை வெளியானது. 2016-இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 23537 வந்தது. இரண்டிலும் சோதனையின் அடிப்படை ஒன்றே. மனித உருவில், மனித அளவில், உள்ளிருந்து மின்சாரத்தால் சூடேற்றப்படும் ஒரு பொம்மைக்கு முழுக்கை உள்ளாடையும் நீளக் காலாடையும் சாக்ஸும் அணிவித்து, அதைப் பைக்குள் இட்டு ஜிப்பை மூடி, பையோடு இணைந்த தலைமூடியை இழுத்துக் கட்டி, காற்று அதிகம் வீசாத ஒரு குளிரறையில் தடித்த மேட்டின் மீது கிடத்துகிறார்கள். பொம்மையின் உடல் சூட்டைக் குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளந்தால் பையின் வெப்பத்தடை தெரிந்துவிடும். அளவீடு அத்துடன் முடிந்தது. பையில் தைத்திருக்கும் பட்டியில் நாம் பார்க்கும் மூன்று வெப்பநிலைகளும் மூன்று தனித்தனிச் சோதனைகளில் கிடைத்தவை அல்ல. அளந்த ஒரே வெப்பத்தடையை, உறங்கும் உடல் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்கும் என்ற கணக்கில் இட்டுப் பெற்ற மூன்று விடைகள். அந்த அறையில் யாரும் தூங்குவதில்லை, புரண்டு படுப்பதில்லை, வியர்ப்பதும் இல்லை.

கணக்கில் வரும் மனிதர்களும் கற்பனை மனிதர்களே. ஆண் என்றால் 25 வயது, 173 செ.மீ. உயரம், 73 கிலோ எடை. பெண் என்றால் அதே 25 வயது, 160 செ.மீ., 60 கிலோ. கம்ஃபர்ட் என்பது அந்தப் பெண் உடலைக் குறுக்காமல் இயல்பாகப் படுத்திருக்கும்போது குளிர் உறைக்கத் தொடங்காத எல்லை. லிமிட் என்பது அந்த ஆண் கைகால்களை ஒடுக்கிச் சுருண்டு படுத்தால் எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது அந்தப் பெண் ஆறு மணி நேரம் உயிர் தப்பியிருக்கலாம் என்ற அளவு. அந்த நிலையில் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும், விரல்கள் உறைந்து பாதிக்கப்படவும் கூடும். கம்ஃபர்ட் 0 என்றிருக்கும் பையில் லிமிட் −5 அல்லது −6 என்றும், எக்ஸ்ட்ரீம் −20-ஐ ஒட்டியோ தாண்டியோ இருப்பதும் வழக்கம். ஒரே பைக்கு இருபது டிகிரிக்கு மேல் விரிந்து கிடக்கும் இந்த எண்களில் எதைப் பெரிய எழுத்தில் போடுவது என்பது விற்பவரின் விருப்பமாகிவிடுகிறது. ஆண்களுக்கான மாடல்களின் பெயரில் பொதுவாக லிமிட் எண்ணும், பெண்களுக்கான மாடல்களின் பெயரில் கம்ஃபர்ட் எண்ணும் இடம்பெறுகின்றன. ஆகவே மாடலின் பெயரைப் பார்த்து வாங்காமல், பையின் உள்பக்கமோ உறையிலோ தைத்திருக்கும் சிறிய பட்டியைத் தேடிப் படிப்பது நல்லது. அப்படியொரு பட்டியே இல்லாமல் வெறும் ஓர் எண் மட்டும் இருந்தால், அதை நான் எக்ஸ்ட்ரீம் எண் என்றே எடுத்துக்கொள்வேன். மலிவான பைகளில் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல் ஃபாரன்ஹீட். அமெரிக்க நிறுவனங்கள் ‘20 டிகிரி பை’ என்று சொல்வது −7 செல்சியசைக் குறிக்கும். ‘0 டிகிரி பை’ என்பது −18 செல்சியஸ். மதிப்புரைகளைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் ஒருமுறை மாற்றிக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

எண்ணுக்கும் அனுபவத்துக்கும் இடையில் மிகப் பெரிய இடைவெளியை உண்டாக்குவது எது என்று என்னைக் கேட்டால், பையே அல்ல, அதன் அடியில் இருக்கும் மேட் என்பேன். பைக்குள் சூட்டைக் காப்பது தூவி என்னும் பறவைகளின் மென்னிறகோ செயற்கை இழையோ அல்ல, அவை பிடித்துவைத்திருக்கும் அசையாத காற்று. உடல் எடை விழும் இடத்தில் அந்தக் காற்று பிதுங்கி வெளியேறிவிடுகிறது. இரவில் படுத்திருக்கும்போதே கையை இடுப்புக்குக் கீழே விட்டுப் பையைத் துழாவிப் பாருங்கள். துணியின் இரண்டு அடுக்குகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், நடுவில் தூவி இருப்பதே விரலுக்குத் தெரியாது. அந்த இடத்தில் உங்களுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது மேட் மட்டுமே. சோதனையில் பொம்மைக்குக் கிடைக்கும் மேட்டின் வெப்பத்தடை, கடைகளில் மேட்டுகளுக்குச் சொல்லப்படும் ஆர் மதிப்பில் ஏறத்தாழ 5. நம்மில் பலர் சுருட்டிக் கட்டிக்கொண்டு போகும் ஃபோம் மேட்டின் ஆர் மதிப்போ 2-ஐ ஒட்டியது. மெல்லியதாக இருந்தால் அதுவும் வராது. உள்ளே எந்த நிரப்பலும் இல்லாத காற்று மெத்தை, எவ்வளவு தடிமனாகத் தோன்றினாலும், அதற்குள் காற்று சுழன்றுகொண்டே இருப்பதால் உறைகுளிருக்கு உதவாது. −10 பையை இப்படிப்பட்ட மேட்டின் மீது விரித்துப் படுத்துவிட்டு, பை ஏமாற்றிவிட்டது என்று எழுதப்படும் மதிப்புரைகளைப் படிக்கும்போது எனக்குப் பையின் மீதுதான் இரக்கம் வருகிறது.

குற்றவாளி மேட்டா பையா என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. பின்னிரவில் விழிப்பு வரும்போது நெஞ்சும் வயிறும் இதமாக இருக்க, இடுப்பெலும்பும் தோள்பட்டையும் தரையைத் தொடும் பக்கம் மட்டும் ஈரத்துணி ஒட்டியதுபோல் சில்லிட்டிருந்து, புரண்டு படுத்தால் குளிரும் பக்கம் மாறினால், குறை மேட்டில். மேல்பக்கம் முழுவதும் பரவலாகக் குளிர்ந்தால் பை போதவில்லை. கழுத்தருகே மட்டும் விட்டு விட்டுக் குளிர்ந்தால், நீங்கள் அசையும்போதெல்லாம் உள்ளிருக்கும் சூடான காற்று வெளியேறுகிறது என்று பொருள். தலைமூடியின் கயிற்றையும் கழுத்துப் பட்டையையும் இறுக்கினால் சரியாகிவிடும். மேட்டுகளின் ஆர் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது இதில் ஒரு வசதி. ஆர் 2 உள்ள ஃபோம் மேட்டின் மேல் ஆர் 3 உள்ள காற்று மேட்டை விரித்தால் 5 கிடைத்துவிடும். 2018-இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற தரநிலை வந்த பிறகு, அதன்படி சோதிக்கப்பட்ட மேட்டுகளின் ஆர் மதிப்புகளை நிறுவனம் பார்க்காமல் ஒப்பிட முடிகிறது. கூடுதல் தூவி உள்ள பைக்குச் செலவிடுவதற்கு முன் மேட்டைச் சரிசெய்வதே குறைந்த செலவில் கூடுதல் பலன் தரும்.

அடுத்தது உடல். ஒரே மாடல் பை, ஒரே மாதிரி மேட், ஒரே கூடாரம் என்று எல்லாம் சமமாக இருந்தும், ஒருவர் ஜிப்பைப் பாதி திறந்து வைத்துத் தூங்க, பக்கத்தில் இருப்பவர் எல்லா உடைகளையும் போட்டுக்கொண்டு விடியலுக்காகக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பொதுவாகப் பெண்களின் உடல் ஓய்வில் உண்டாக்கும் வெப்பம் ஆண்களைவிடக் குறைவு. வயது கூடும்போது எல்லோருக்குமே குறைகிறது. பகல் முழுக்க நடந்து களைத்து, சரியாகச் சாப்பிடாமல் படுத்தால், பழகிய பையே அன்று போதாமல் போகும். குளிருக்கு இதம் என்று மது அருந்துவது தோலடி இரத்தக் குழாய்களை விரித்து, உடலின் சூட்டை வெளியே கடத்திவிடும். வயது, களைப்பு, பசி, மது எதுவும் அந்த 25 வயதுக் கற்பனை மனிதர்களின் கணக்கில் இல்லை. மேலும், உடலின் உள்வெப்பநிலை விடியற்காலைக்குச் சற்று முன்புதான் ஒரு நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும். வெளிக்குளிர் உச்சத்தைத் தொடுவதும் ஏறத்தாழ அதே வேளையில். பத்து மணிக்குப் படுத்து நன்றாக உறங்கியவர் நான்கு மணிக்கு நடுங்கி எழுவதற்கு இதுவே காரணம்.

வானிலை முன்னறிவிப்பு சொல்லும் எண்ணும் நீங்கள் படுக்கும் இடத்தின் எண்ணும் ஒன்றல்ல. முன்னறிவிப்பு தரையிலிருந்து ஆளுயரத்தில் உள்ள காற்றைச் சொல்கிறது. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று அதைவிடச் சில டிகிரி குறைந்துவிடும். குளிர்ந்த காற்று எடை கூடியது என்பதால் பள்ளத்தாக்கின் அடியிலும் ஓடைக்கரையிலும் வந்து தேங்கும். அங்கிருந்து சற்று மேடான இடத்துக்குக் கூடாரத்தை நகர்த்தினாலே வேறுபாடு தெரியும். மேகமற்ற வானத்தின் கீழ் கூடாரமின்றிப் படுத்தால், பையின் மேல்துணி தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து, காலையில் அதன் மீது வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். பை சோதிக்கப்பட்ட அறையில் இப்படியொரு வானம் இல்லை.

பல நாள் பயணங்களில் எண்ணை மெல்லத் தின்பது ஈரம். இரவு முழுவதும் உடலிலிருந்து வெளியேறும் நீராவி பையின் வெளி அடுக்கை அடையும்போது, அங்குள்ள குளிரில் நீராகவோ பனித்துகளாகவோ மாறித் தூவிக்குள் தங்கிவிடுகிறது. ஓரிரவில் இது பெரிதாகத் தெரியாது. வெயிலே இல்லாத தொடர் நாட்களில் தூவி கட்டிகட்டியாகச் சேர்ந்து, பையின் உப்பல் குறைந்துகொண்டே போகும். தலைமூடிக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விடுவது இதை இன்னும் விரைவாக்கும்; மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், முகத்துக்குத் தனியாக ஒரு துணி போதும். பையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் பகல் வெயிலில் அரை மணி நேரம் போட்டு வைப்பது, வாய்ப்பிருக்கும் நாட்களில் நான் தவறவிடாத வேலை. சோதிக்கப்பட்டது புதுப் பை என்பதையும் மறக்க வேண்டாம். ஆண்டுக்கணக்கில் இறுக்கிச் சுருட்டி வைத்த பழைய பையின் பட்டியில் எண் மாறியிருக்காது, பை மாறியிருக்கும். செயற்கை இழைப் பைகளுக்கு இது மீளாத இழப்பு. தூவிப் பையை அதற்குரிய சோப்பில் துவைத்து, பொறுமையாக உலர்த்தினால் இழந்ததில் கணிசமான பங்கு திரும்பக் கிடைக்கும். வாடகைப் பையை வாங்கும்போது அதை விரித்து, உதறி, சிறிது நேரம் கழித்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். தூவி நகர்ந்துபோன அறைகள் வெளிறித் தெரியும்.

நான் பை தேர்ந்தெடுக்கும் முறை எளியது. எதிர்பார்க்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைவிட 5 டிகிரி குறைவான கம்ஃபர்ட் எண் உள்ள பையை எடுப்பேன். எளிதில் குளிர்பவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். எப்போதும் வியர்ப்பவர்கள் அந்த 5-ஐ விட்டுவிடலாம். லிமிட் எண்ணை வைத்துக் கணக்குப் போடுவதை இளைஞர்களுக்குக்கூட நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் எட்டு மணி நேரம் சுருண்டே கிடப்பதை யாரும் ஓய்வு என்று சொல்லமாட்டார்கள். உள்ளே போடும் மெல்லிய லைனர்கள் பத்து டிகிரிவரை கூட்டும் என்ற விளம்பரங்களை நான் நம்புவதில்லை. அவை பையைச் சுத்தமாக வைத்திருக்கும், ஓரிரு டிகிரி உதவும், அவ்வளவே. உலர்ந்த தூவி ஜாக்கெட் உண்மையாகவே உதவும். ஆனால் இறுக்கமான பைக்குள் பருமனான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று நசுக்கும், அப்போது ஜாக்கெட்டைக் கழற்றிப் பையின் மேல் போர்த்திக்கொள்வதே மேல். கசியாத குப்பியில் வெந்நீர் ஊற்றித் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வதும் பல மணி நேரம் தாங்கும்.

இந்தத் தரநிலைகள் எல்லாப் பைகளுக்கும் பொருந்தாது. குழந்தைகளுக்கான பைகள், இராணுவப் பைகள், கடுங்குளிர்ப் பயணங்களுக்கானவை ஆகியவை அவற்றின் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. குழந்தைகளின் உடல் அந்தக் கணக்கில் அடங்காததால், குழந்தைப் பையில் இருக்கும் எண்ணை நம்பி உறைகுளிரில் படுக்கவைக்கக் கூடாது. −30, −40 என்று எழுதிய பைகளின் எண்கள் பெரும்பாலும் தயாரிப்பாளரின் அனுபவக் கணிப்புகள்; அனுபவமுள்ள நிறுவனம் என்றால் கணிப்பும் நன்றாகவே இருக்கும். அத்தகைய பையை மதிப்பிட, உள்ளே எத்தனை கிராம் தூவி இருக்கிறது, அதன் ஃபில் பவர், அதாவது தூவி உப்பும் அளவு, எவ்வளவு என்று கேட்டு, அதே வடிவமுள்ள, சோதிக்கப்பட்ட வேறொரு பையோடு ஒப்பிடுகிறேன். எண்ணில் பத்து டிகிரி முன்னேற்றம் காட்டும் பையில் தூவி நூறு கிராம்கூடக் கூடவில்லை என்றால், அதை வாங்குவதில்லை.