மனம் உடைந்திருந்த நாட்களில் வீடியோ கேம் உங்களுக்கு ஆறுதல் தந்ததுண்டா?

தந்தது. அப்பா போன பிறகு நாலைந்து மாதம் எனக்கு ராத்திரியில் தூக்கமே கிடையாது. பகல் எப்படியோ ஓடிவிடும், விளக்கை அணைத்துப் படுத்தால் ஆஸ்பத்திரி வராந்தா கண் முன்னால் வந்து நிற்கும். புத்தகம் எடுத்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். தம்பிதான் ஒருநாள் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்து, "சும்மா விவசாயம்தான்க்கா, போட்டுப் பாரு" என்றான்.

அது ஸ்டார்ட்யூ வேலி. எரிக் பரோன் என்பவர் நாலு வருடத்துக்கும் மேல் தனியாகவே உட்கார்ந்து, படம், இசை, கதை எல்லாம் தானே செய்து 2016-இல் வெளியிட்ட கேம். தாத்தா விட்டுப்போன, புதர் மண்டிய பண்ணைக்கு நாம் போகிறோம். முதலில் 15 பார்ஸ்னிப் (கேரட் மாதிரி ஒரு வெள்ளைக் கிழங்கு) விதை கிடைக்கும், மண்ணைக் கிளறி விதைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் 4 நாளில் அறுவடை. அங்கே ஒரு நாள் என்பது நமக்குக் கிட்டத்தட்ட 14 நிமிடம். கட்டிலுக்குப் போய்ப் படுத்தால்தான் கேம் சேவ் ஆகும். முதல் நாள் அப்படிப் படுக்கப் போகும்போது, நாளைக்கு முளை விட்டிருக்குமா என்று தோன்றியது. நாளைக்கு என்ற ஒன்றை நான் நினைத்துப் பார்த்தே அப்போது பல வாரம் ஆகியிருந்தது.

மழை பெய்கிற நாளில் பயிருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், தானே நனைந்துவிடும். எனக்கு அது தெரியாது. பூவாளியோடு வெளியே வந்தால் மண் முழுக்கக் கறுத்து ஈரமாகக் கிடக்கிறது, செய்வதற்கு ஒன்றும் இல்லை, ஹெட்போனில் மழைச் சத்தம் மட்டும். அத்தனை நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அப்புறம் செலஸ்ட் என்ற கேம், 2018-இல் வந்தது. மலையேறும் மேடலினுக்குப் பதற்றத்தில் மூச்சு முட்டும்போது, கூட வரும் தியோ, ஒரு இறகு மிதப்பதாக நினைத்துக்கொண்டு அது விழாதபடி மூச்சு விடச் சொல்வான். நானும் எத்தனையோ தடவை ஆபீஸ் படிக்கட்டில் நின்று அப்படி மூச்சு விட்டிருக்கிறேன். அந்த கேமில் ஒரே இடத்தில் நாற்பது தடவை செத்தாலும் அடுத்த நொடியே அங்கேயே எழுந்து நிற்கலாம், அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

எல்லா கேமும் இப்படி இல்லை. ஆன்லைனில் ஆட்களோடு மோதும் கேம் எனக்கு ஆகவே இல்லை, தோற்ற கடுப்பில் இருந்த கொஞ்சம் தூக்கமும் போனது. விடியும்வரை ஆடிய ராத்திரிகளும் உண்டு, அதை நல்லது என்று சொல்ல மாட்டேன். டாக்டரிடமும் போனேன், நீங்களும் தேவைப்பட்டால் போங்கள்.

பண்ணைக்குப் பெயர் கேட்டபோது அப்பாவின் பெயரைத்தான் வைத்தேன். மூன்றாம் வருடம் வசந்தத்தின் முதல் நாள் தாத்தாவின் ஆவி வந்து பண்ணையைப் பார்த்துவிட்டுப் போகுமாம், தம்பி சொன்னான். நான் மெதுவாகத்தான் ஆடுகிறேன், இப்போது இரண்டாம் வருடக் குளிர்காலம் 20-ஆம் தேதி. இன்னும் 9 நாள் இருக்கிறது. அன்றைக்கு அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளப் போகிறேன்.